பியூலி சந்தையில் ஒரு ஸ்டீயரிங் வேட்டை!

இங்கிலாந்தின் தெற்கே, நியூ ஃபாரஸ்ட் பகுதியில் இருக்கிறது பியூலி. சாலையில் மட்டக்குதிரைகள் சாவகாசமாக நடக்கும். கார்கள்தான் காத்திருக்க வேண்டும். செப்டம்பரில் ஒரு வார இறுதியில் மட்டும் ஊரே கிரீஸ் மணக்கும். 1967-ல் தொடங்கிய 'ஆட்டோஜம்பிள்' என்ற பழைய கார் பாகச் சந்தை, அங்குள்ள தேசிய மோட்டார் மியூசிய வளாகத்தில் கூடுகிறது. கார்புரேட்டர், ஹெட்லைட், துருப்பிடித்த நம்பர் பிளேட்... எதுவும் கிடைக்கும்.

இங்கே ரெப்ளிகா கார் பிரியர்கள் தனி ரகம். 1962-ல் வந்த ஏசி கோப்ராவின் அசலை வாங்கக் கோடிகள் வேண்டும். அதனால் ஃபைபர் பாடியில் அதே உருவத்தைக் கட்டுகிறார்கள். வெளியே அச்சு அசல்தான். ஆனால், உள்ளே நவீன ஸ்டீயரிங் இருந்தால் குட்டு உடைந்துவிடும்! எனவே, மர விளிம்பும் மூன்று அலுமினிய ஸ்போக்கும் கொண்ட அந்தக்கால வீலைத் தேடி அலைகிறார்கள்.

பளபளப்பை நம்பக்கூடாது. வார்னிஷுக்கு அடியில் விரிசல் இருக்கலாம், ரிவெட் ஆடலாம்.

பொருத்துவதுதான் பெரிய வேலை. வீலையும் ஸ்டீயரிங் தண்டையும் இணைப்பது 'பாஸ்' என்ற துண்டு. அதன் உள்பற்கள் தண்டின் பற்களோடு கச்சிதமாகச் சேர வேண்டும். போல்ட் துளைகளும் பொருந்த வேண்டும். மோமோ வீலில் துளை வட்டம் பொதுவாக 70 மி.மீ., நார்டியில் 74 மி.மீ. 'துளையைக் கொஞ்சம் பெரிசாக்கினால் போதும்' என்று யோசனை சொல்பவரிடமிருந்து நகர்ந்துவிடுவது நல்லது. ஓடும்போது கழன்றால், கையில் மிஞ்சுவது வெறும் மர வளையம்!

வளையம் பழசாக இருக்கட்டும். பாஸும் நடு நட்டும் புதுசாகவே வாங்கி, டார்க் ரெஞ்சால் முடுக்குகிறார்கள் அனுபவசாலிகள்.