பெரியப்பா போட்ட பெட்ரோமாக்ஸ் நிபந்தனை!

"அப்பா, அம்மாவைக் கையோடு சென்னைக்குக் கூட்டிட்டு வந்துரு. நீ சொன்னா கேப்பார்" என்று அண்ணன் என்னைத் தூத்துக்குடிக்குத் தூது அனுப்பினான். என் ஆபீஸில் ஃபேனைப் போடச் சொன்னாலே யாரும் கேட்பதில்லை. அது அண்ணனுக்குத் தெரியாது.

ஸ்டேஷனில் இறங்கியதுமே உப்புக் காற்று வரவேற்றது. கடற்கரைச் சாலை, பனிமய மாதா கோயில், பழைய துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் தோணிகள்... இதையெல்லாம் விட்டுவிட்டு மனுஷன் எப்படி வருவார் என்ற கவலையோடுதான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

பெரியப்பா தோணியில் தண்டலாகக் கொழும்புக்குப் போய் வந்தவர். வயது எண்பத்து நாலு. விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. பரணைக் காட்டினார். சாக்கில் சுற்றிய பழைய பெட்ரோமாக்ஸ் லைட்!

"இத எரிய வையி. மறுநாளே ரயில் ஏறுதேன்."

"அம்புட்டுத்தானா பெரியப்பா?" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

இரும்புச் சட்டம் முழுக்கத் துரு. பித்தளை டேங்க் பச்சை பூத்திருந்தது. பம்ப்பை இழுத்தால் கைப்பிடி மட்டும் ஜோராக வந்தது, காற்று வரவில்லை. "1961-ல கடைசியா முத்துச் சிலாபம் நடந்துச்சே, அப்ப கரையில எரிஞ்ச லைட்டு" என்றார் பெரியப்பா. அதற்குப் பிறகு இந்தக் கடலில் முத்துக் குளிப்பே நடக்கவில்லை. லைட்டும் சேர்ந்தே ரிட்டயர் ஆகிவிட்டது போலிருக்கிறது!

முதல் நாள், துவைத்து எடுத்தேன். பித்தளைக்குப் புளியும் உப்பும், சட்டத்துக்கு மண்ணெண்ணெய் ஊறலும் உப்புத்தாளும். இந்த ஊரில் இன்றைக்கு மண்ணெண்ணெய் கிடைப்பது முத்து கிடைப்பதைவிடக் கஷ்டம். இரண்டு தெரு சுற்றி ஒரு பாட்டில் தேற்றினேன்.

இரண்டாம் நாள் பஜாரில் ஒரு ஸ்டவ் ரிப்பேர்காரரைப் பிடித்தேன். பம்ப்பைக் கழற்றியவர் சிரித்தார். உள்ளே இருந்த தோல் வாசர் அப்பளமாகக் காய்ந்திருந்தது. "லைட்டுக்கு ஒண்ணும் இல்ல சார், வாசருக்குத்தான் வயசாயிருச்சு" என்று புது வாசரைத் தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டார். டேங்கில் காற்றடித்து, சைக்கிள் டியூப் பார்ப்பதுபோல் தண்ணீரில் அமுக்கினார். அடியில் ஒரு குமிழி! ஈயம் வைத்து அடைத்தார். அடைத்திருந்த நாசிலுக்குப் புது ஊசி போட்டார். நாலு மேன்டிலும் தேடிக் கொடுத்தார்.

மேன்டில் என்றதும் உங்களுக்கு 'வைதேகி காத்திருந்தாள்' (1984) கவுண்டமணியும் செந்திலும் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். எனக்கும்தான். முதல் மேன்டிலை நானே செந்திலாக மாறி நொறுக்கினேன். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. மேன்டில் என்பது ரசாயன உப்புகளில் நனைத்த துணிப்பை. முதல் தடவை கொளுத்தும்போது துணி எரிந்துபோய்விடும். மிஞ்சுகிற சாம்பல் வலைதான் வெள்ளையாக ஜொலிக்கிறது. அதைத் தொட்டால் தீர்ந்தது கதை!

ஆஸ்திரியாவின் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885-ல் இதற்கு வழி கண்டார். 1891-ல் 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்று கலவை சரியாக அமைந்தது. பெர்லினில் எர்ரிக் அண்ட் கிரேட்ஸ் கம்பெனி லைட்டைத் தயாரித்தது. ஜெர்மன் மொழியில் பெட்ரோலியம் என்றால் மண்ணெண்ணெய், முதலாளி பெயர் மேக்ஸ்... ஆச்சு, பெட்ரோமாக்ஸ்!

தோரியத்துக்கு எங்கே போவது? திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் சோதித்தார். தோரியம் உள்ள மோனசைட் சிக்கியது. தேடிக்கொண்டு 1909-ல் மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். ஆமாம் சார், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிதான்! சீமை லைட்டு என்று நாம் வாய்பிளந்தது நம் கடற்கரை மண்ணைப் பார்த்துத்தான். தோரியத்துக்குக் கொஞ்சம் கதிரியக்கம் உண்டு என்பதால் இப்போது பலர் இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. சிப்பிக்குள் முத்தை உருவாக்கும் சதைத்தோலுக்கும் மேன்டில் என்றுதான் பெயர். அதில் ஒரு துண்டை வைத்துத்தான் 1973-ல் தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் முத்து வளர்த்தார்கள்.

மூன்றாம் நாள் இரவு. திண்ணையில் கூட்டம். ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். அது அணைவதற்குள் அவசரமாகச் சக்கரத்தைத் திருப்பினேன். குப்! மஞ்சள் ஜுவாலை உத்தரத்தைத் தொட்டது. "பாவி, வீட்டக் கொளுத்திராதே!" என்று பெரியம்மா அலறினாள். இரண்டாவது மேன்டில் கரியானது.

பெரியப்பா மெல்ல எழுந்து வந்து காற்றுத் திருகைத் திறந்தார். 'உஸ்' என்று அடங்கியது. "ஏலே, சூடு ஏறாம எண்ணெய் ஆவியாகுமா? ஆவியாகாம வெளிச்சம் வருமா? கடக்காத்துக்கு ரெண்டு தடவ ஸ்பிரிட் ஊத்தணும்."

காலையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் நடுங்கிய அதே விரல்கள் மூன்றாவது மேன்டிலைச் சுருக்கமில்லாமல் கட்டின. பொறுமையாக இரண்டு தடவை ஸ்பிரிட். முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை பம்ப். அப்புறம் சக்கரம்.

'ஸ்ஸ்ஸ்...' பெரிய மாடலுக்கு 500 மெழுகுவத்தி வெளிச்சம் என்பது கம்பெனிக் கணக்கு. தெருவே பால் ஊற்றினாற்போல் ஆனது. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கண்ணு கூசுது" என்றாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப... நாளைக்கு ரயில் பெரியப்பா?" என்றேன்.

அவர் லைட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இம்புட்டு வெளிச்சமா இருக்குற வீட்ட விட்டுட்டு எங்கலே வரச் சொல்லுதே?"

மறுநாள் முத்துநகர் எக்ஸ்பிரஸில் நானும் ஒரு கிலோ மக்ரூனும் மட்டும் சென்னை திரும்பினோம். மிச்சமிருந்த ஒரு மேன்டிலைப் பெரியப்பாவிடமே கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் என்ன சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.