மாரிக்காலச் சேமிப்பும் அயலவர் பங்கும்

 

குளிர்நாட்டவர்கள் கோடையில் தோட்டத்து மரக்கறிகளைப் பறித்து, பனிக்காலத்துக்கென்று உறைய வைத்துச் சேமிப்பதுண்டு. பனியே விழாத கொஸ்லந்தையில் இருந்துகொண்டு இந்த மௌலவி இதை ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கும் தோட்டம் கைவிடுகின்ற காலம் ஒன்று உண்டு. அதுதான் மாரி. ஒக்டோபரில் பிடிக்கின்ற மழை ஜனவரி வரையில் விட்டுவிட்டுப் பெய்யும். போஞ்சிக்கொடி அழுகும்; தக்காளி செடியிலேயே வெடிக்கும். பாதையில் மண் சரிந்துவிட்டால் மரக்கறி லொறியும் வராது.

என் உம்மா காலத்தில் இதற்கு வெயில்தான் வழி. கத்தரிக்காயையும் பாகற்காயையும் அரிந்து, உப்பிட்டுப் பாயில் காயப்போடுவார். பலாக்காயை அவித்து உலர்த்துவார். தேசிக்காயை உப்பில் ஊறவைத்துப் போத்தலில் அடைப்பார். அந்த முறைகளை நாம் மறந்துவிடக் கூடாது. அவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை.

2012இல் பண்டாரவளையில் பழைய டீப் பிரீசர் ஒன்றை வாங்கினோம். வீட்டுத் தோட்டத்தில் போஞ்சியும் கரட்டும் நன்றாக விளைந்திருந்தன. கழுவினோம், பையில் போட்டோம், உள்ளே வைத்தோம். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் போஞ்சியில் வைக்கோல் வாடை. கரட்டோ துவண்டு கிடந்தது. உறைய வைத்தாலே போதும் என்று நினைத்ததுதான் எங்கள் தவறு.

செய்ய வேண்டிய முறை

பறித்த பின்பும் மரக்கறியின் உள்ளே நொதியங்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்தாது. நிறமும் சுவையும் கெடுவது அதனால்தான். எனவே உறைய வைக்குமுன் மரக்கறியைக் கொதிநீரில் சற்று நேரம் அமிழ்த்தி எடுக்க வேண்டும்.

அரைக் கிலோ மரக்கறிக்கு ஏறக்குறைய 4 லீற்றர் தண்ணீர் கொதிக்கட்டும். மரக்கறியைப் போட்டதும் கொதி அடங்கும். மீண்டும் கொதி வந்த பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். போஞ்சிக்கு 3 நிமிடம், வட்டமாக அரிந்த கரட்டுக்கு 2 நிமிடம், சிறிதாக அரிந்த கோவாவுக்கு ஒன்றரை நிமிடம், கீரைக்கு 2 நிமிடம் போதும். நுவரெலியா போன்ற மிக உயரமான இடங்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்தவுடன் ஐஸ் போட்ட தண்ணீரில் அதே அளவு நேரம் போட்டு ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கின்ற சூட்டில் தொடர்ந்து வெந்துவிடும். பிறகு ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைய விடுங்கள். கட்டியான பின் ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, காற்றை வெளியேற்றிக் கட்டித் திகதி எழுதுங்கள். -18 பாகை செல்சியஸில் இவை 8 முதல் 12 மாதம் வரை நன்றாக இருக்கும்.

வெள்ளரிக்காய், சலாது இலை இதற்கு ஏற்றவையல்ல. உருகியதும் கூழாகிவிடும். தக்காளியும் குழையும், ஆனால் கறிக்கு உதவும். இன்னொன்று: உறைகுளிரில் பற்றீரியா உறங்கும், சாகாது. உருகியதும் விழித்துக்கொள்ளும். ஆகவே அழுகியதை உள்ளே வைத்து நல்லதாக எடுக்க முடியாது.

வேகமாக உறைய வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் கட்டிகள் உருவாகி மரக்கறியின் கலங்களைக் கிழித்துவிடும். கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912 முதல் கனடாவின் லாப்ரடோர் பகுதியில் வாழ்ந்தபோது, கடுங்குளிரில் சட்டென்று உறைந்த மீன் பல மாதம் கழித்தும் புதிதுபோல் இருப்பதை அங்குள்ள பூர்வீக மக்களிடம் கண்டார். உறைய வைத்த உணவு இன்று கடைகளில் விற்கப்படுவதற்கு அவர் அங்கே கற்றதே பெரிதும் வழிவகுத்தது. எனவே ஒரே நாளில் பிரீசரை நிரப்பாமல் சிறிது சிறிதாக வையுங்கள்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

2014இல் எங்கள் பிரீசர் நிறைந்திருந்தது. அந்த ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயன் வீடுகள் இருந்த இடம் தெரியாமல் மண்ணுக்குள் புதைந்தன. உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களுக்காக ஊரில் நாலா பக்கமும் அடுப்பு எரிந்தது.

என் மனைவி பிரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாத்தையும் எடுத்திடவா?"

"பாதிய எடுங்க. மாரி இப்பதானே தொடங்கியிருக்கு. நம்ம புள்ளைகளுக்கும் வேணுமே" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பாதியை எடுத்து மூடினார்.

நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆண்டு, குர்பான் இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அடுத்த ஆண்டு உண்ணவும், கொடுக்கவும், சேமிக்கவும் அனுமதித்தார்கள். முந்திய ஆண்டில் வறிய கிராமத்து மக்கள் மதீனாவுக்கு வந்திருந்ததே அந்தத் தடைக்குக் காரணம். சேமிப்பது ஆகும், ஆனால் தேவையுள்ளவன் வாசலுக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. சில மாதங்கள் கழித்து இந்த ஹதீஸை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் 'பாதி' என் நினைவுக்கு வந்தது. எத்தனையோ ஆண்டுகளாக ஓதிக்கொடுத்த பாடம் அது. தேவைப்பட்ட நாளில் எனக்கு நினைவில்லை.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நோன்பு பிறக்கச் சில நாட்களே இருந்தன. நிறைந்த பிரீசர் மூடியபடியே இருந்தால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணித்தியாலம்தான். எங்களுடையது பழைய பெட்டி. மூன்றாம் நாள் பைகள் இளகத் தொடங்கின. உள்ளே ஐஸ் மணிகள் மிச்சமிருக்கும்போதே சமைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். காஸ் இல்லை. விறகடுப்பில் பெரிய சட்டி வைத்து எல்லாவற்றையும் சமைத்து, அயல்வீடுகளுக்கும் பக்கத்து லயனுக்கும் அனுப்பினோம்.

லயனிலிருந்து சட்டியைத் திருப்பிக் கொண்டுவந்த அம்மா, "மௌலவி ஐயா, ரெண்டு நாளா புள்ளைங்க வெறும் சோறுதான் தின்னுச்சுங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கெட்டுப்போகும் என்பதற்காகக் கொடுத்ததை நான் எப்படி ஸதகா என்று சொல்லிக்கொள்வது?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பறித்தவுடன் ஒரு பங்கு பச்சையாகவே அயல்வீட்டுக்குப் போகும். மிச்சத்தை உறைய வைக்கும்போது நான்கு பைக்கு ஒன்றில் திகதியோடு 'அ' என்று மனைவி எழுதுவார். அயலவர் என்று அர்த்தம். அந்தப் பை எங்களுடையதல்ல. மழை அடித்து யாருக்காவது வேலை இல்லாமல் போகும் நாளில், யாரையும் கேட்காமலே அது வெளியே போகும்.

நீங்களும் சேமியுங்கள், சகோதரிகளே. முறையாகச் சேமியுங்கள். பெட்டியை மூடுமுன் அந்த ஓர் எழுத்தையும் எழுதிவிடுங்கள். நம் அனைவரின் ரிஸ்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.