நீங்க எந்த ஊர்?

போன வாரம் அக்காள் மகளோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். வட அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கொம்புப் பல்லியைக் காட்டினார்கள். உள்ளங்கை அளவுதான். எதிரி வந்தால் முதலில் மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் உடலை உப்பி முட்களைக் காட்டுகிறது. நரியோ காட்டுநாயோ விடாமல் நெருங்கினால், கண்ணோரத்திலிருந்து ரத்தத்தைப் பீய்ச்சுகிறது. நான்கு அடி தூரம்கூடப் பாயுமாம். அதன் சுவை நாய் இனத்துக்குப் பிடிக்காது, உதறிக்கொண்டு ஓடிவிடும்.

“நம்ம வீட்டுப் பல்லி என்ன செய்யும் மாமா?”

“வாலை விட்டுட்டு ஓடிடும்” என்றேன். சொன்ன பிறகு எனக்கே சுருக்கென்றது.

நான் தஞ்சோங் ரம்புத்தான்காரன். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை வந்தது. இன்று அதன் பெயர் பஹாகியா. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். ஆனால் நாடு முழுக்க எங்கள் ஊர்ப் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஊரைச் சொன்னேன். “எப்ப வெளிய விட்டாங்க?” என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் ஈப்போக்காரன். ஏழு ஆண்டுகள் அப்படித்தான்.

பல்லியின் வாலெலும்பில் முறிவதற்கென்றே இடம் உண்டு. தசையை இறுக்கித் தானே முறித்துக்கொள்ளும். துண்டான வால் துள்ள, எதிரியின் கண் அங்கே போகும், பல்லி தப்பிவிடும். வால் மீண்டும் முளைக்கும். ஆனால் உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான்.

என் அப்பா அந்த மருத்துவமனையில் பராமரிப்பு ஊழியராக இருந்தவர். நோயாளிகளைக் குளிப்பாட்டுவார், ஊட்டிவிடுவார். “பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும், அவங்களும் மனுஷங்கதானே” என்பார். ஒருமுறை என் வாடகை வீட்டுக்கு வந்திருந்தார். நண்பன் ஒருவன், “ஈப்போவுல எங்க அங்கிள்?” என்று கேட்டான். அப்பா என் முகத்தைப் பார்த்தார். “பக்கத்துலதான் தம்பி” என்று முடித்துக்கொண்டார். எனக்காக அவரும் தன் ஊரை விட்டுக்கொடுத்தார்.

இந்தத் திங்கட்கிழமை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், “நீங்க எந்த ஊர்?” என்று கேட்டாள்.

“தஞ்சோங் ரம்புத்தான். எங்கப்பா அங்க ஆஸ்பத்திரியிலதான் வேலை பார்த்தார்.”

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்தார்தான். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு அதற்குமேல் நீளவில்லை.

அன்றிரவு அப்பாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை.

“சரிப்பா, சாப்பிட்டியா?” என்றார்.