லைட்டைக் கொஞ்சம் இறக்குங்க, சார்!

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி... வழியெல்லாம் சத்திரம்தான். காரும் பஸ்ஸும் வருவதற்கு முன்பே இது நடக்கிறவர்களின் ரோடு என்று ஊர்ப் பெயர்களே சொல்கிற மாதிரி இருக்கும்.

தைப்பூசம் நெருங்கும்போது ராத்திரி நேரத்தில் இந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, மதுரை என்று எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்தவர்கள் சாரிசாரியாக நடந்துகொண்டிருப்பார்கள். தோளில் காவடி, தலையில் மூட்டை, காலில் செருப்பு கிடையாது. வெயில் தாரைச் சுடவைத்துவிடும் என்பதால் பலருக்கு ராத்திரி நடைதான். ஓரத்தில் தண்ணீர்ப் பந்தல், சுக்குக் காபி, 'வாங்க சாமி, காலைக் காட்டுங்க' என்று தைலம் தேய்த்துவிட ஒரு கூட்டம். சில இடங்களில் தனி நடைபாதை உண்டு. இல்லாத இடத்தில் தார் ரோட்டின் ஓரம்தான் பாதை. எதிரே ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிய லாரிகள் வேறு.

நடக்கிறவர்களின் முதுகுப் பையில் மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த ஸ்டிக்கர் தானாக மினுங்காது, சார்! உங்கள் கார் லைட் அதன் மேல் பட்டால்தான் மினுங்கும். எங்கே படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என்னோடு வந்த நண்பர் பேங்க் ஆபீஸர். வார நாட்களில் லெட்ஜர், ஞாயிற்றுக்கிழமை டூல்பாக்ஸ். "மெக்கானிக்குக்கு எதுக்குய்யா தண்டம்? ஒரு சுவர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் டேப். அரை மணி நேரத்துல ரெண்டு லைட்டையும் நானே செட் பண்ணிட்டேன்" என்று வழியெல்லாம் பெருமை. திண்டுக்கல் தாண்டுவதற்குள் எதிரே வந்த நாலு வண்டிகள் இவருக்குப் பிரைட் அடித்துக் காட்டின. "டிம்லதானே போறேன்? இவனுங்களுக்கு என்ன திமிரு பாரு!" என்றார்.

டீ குடிக்க நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பட்டறை. மெக்கானிக் பையன் காரை ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "சார், எந்தத் தரையில வச்சு செட் பண்ணீங்க?"

"எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்லப்பா."

"சுவர் சரிதான் சார். தரைதான் பொய் சொல்லிருச்சு!"

கணக்கு இதுதான். டிம் லைட்டின் மேல் விளிம்பு பொதுவாக 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பார்க்கிங்கில் தண்ணீர் வடிய 100-க்கு 1 என்று சரிவு விடுவது வழக்கம். அதுவும் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர்தான்! காரிலிருந்து சுவரடி வரை ஒரே சீரான சரிவு என்றால் தப்பில்லை. நடுவில் ஜாலி வைத்து, கார் நிற்கிற இடம் ஒரு பக்கமாகவும் சுவரடி மறு பக்கமாகவும் சரிந்திருந்தால் போச்சு. நீங்கள் செட் பண்ணியது லைட்டை அல்ல, கொத்தனாரின் கைவேலையை!

லைட் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இறங்கியிருந்தால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். அதுவே கிடைமட்டத்துக்கு ஒரு டிகிரி மேலே தூக்கிவிட்டால், 50 மீட்டர் தூரத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். அதாவது எதிரே பைக்கில் வருகிறவரின் கண்ணுக்கு நேரே. 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர் மூன்று விநாடி கண் கூசினால், 50 மீட்டரைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டின மாதிரி. அந்த 50 மீட்டரில் எத்தனை காவடிகளோ!

சரி, எதற்கு வம்பு என்று ரொம்ப இறக்கினால்? மூன்று மடங்கு இறக்கிவிட்டால் வெளிச்சம் 22 மீட்டரிலேயே முடிந்துபோகும். 60-ல் போகிற கார் பிரேக் பிடித்து நிற்க அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தேவை. ஏற்றினால் எதிரே வருகிறவருக்குத் தெரியாது, இறக்கினால் உங்களுக்குத் தெரியாது. இரண்டிலும் அடிபடப் போவது நடந்து போகிற அதே ஆள்தான்.

இடது பக்கம் ஓட்டுகிற நம் ஊருக்கான லைட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு வலது பக்கம் தட்டையாக இருக்கும். இடது பக்கம் சற்று மேலேறும். வலது பக்கம் எதிரே வருகிறவரின் கண்ணுக்கு மரியாதை. இடது பக்கம் ஏறுவது ஓரமாக நடக்கிறவருக்காக.

அப்படியானால் வீட்டில் தொடவே கூடாதா? தாராளமாகப் பாருங்கள். டயரில் சரியான காற்று, டிரைவர் ஸீட்டில் ஒரு ஆள், தரை மட்டம். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு லைட்டின் மையத்தையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் நேராகப் பின்னால் வந்து டிம் போடுங்கள். விளிம்பு குறியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சில கார்களில் லைட்டின் பக்கத்திலேயே சதவீதம் ஒட்டியிருப்பார்கள்; அதுதான் வேதம். மேலே கீழே ஒரு ஸ்க்ரூ, பக்கவாட்டில் ஒரு ஸ்க்ரூ. திருப்பும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டால், சொதப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம்.

பட்டறையில் வேறு சமாசாரம். பீம் செட்டர் என்று ஒரு பெட்டி. முன்னால் லென்ஸ், உள்ளே கோடு போட்ட திரை. 10 மீட்டரில் சுவரில் தெரிய வேண்டியதை அரை மீட்டருக்குள் காட்டிவிடும். அதற்கும் தரை மட்டம்தான் உயிர். எல்லாப் பட்டறையிலும் இது இருக்காது. சிலர் எதிர்ச் சுவரைப் பார்த்துத்தான் திருப்புவார்கள். காசு கொடுப்பதற்கு முன் "பீம் செட்டர் இருக்கா தம்பி?" என்று கேட்டுவிடுங்கள். பம்பர் இடிபட்டது, லைட் மாற்றியது, ஸஸ்பென்ஷன் வேலை செய்தது என்றால் சுவரை நம்பாமல் இந்தப் பெட்டியிடம் போவதே நல்லது. ஹாலஜன் லைட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்து, வெளிச்சம் விளிம்பே இல்லாமல் சிதறினால் எந்த ஸ்க்ரூவும் காப்பாற்றாது. பழைய பல்பே சரணம்.

இன்னொன்று, பல கார்களின் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். வாங்கிய நாளிலிருந்து தொடாதவர்கள் ஏராளம். மாமியார், மைத்துனர், டிக்கி நிறைய மூட்டை என்று பழனிக்குக் கிளம்பினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும், லைட்டும் கூடவே தூக்கும். அப்போது 2-க்கோ 3-க்கோ திருப்பி இறக்க வேண்டும். மைத்துனர் இறங்கிப் போனதும் மறக்காமல் 0!

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி: 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசவைக்கக் கூடாது. சுவரில் அளந்து பார்க்க யாரிடமும் பர்மிஷன் வேண்டியதில்லை.

எதிரே வருகிறவர் பிரைட் அடித்தால் உடனே வரிந்துகட்டிக்கொண்டு பதிலடி கொடுக்காதீர்கள். நீங்கள் டிம்மில்தான் போகிறீர்கள், அப்படியும் நாலு பேர் அடிக்கிறார்கள் என்றால் அவர்களுக்குத் திமிர் இல்லை. ஓசியில் பீம் செக் பண்ணித் தருகிறார்கள், சார்!