இரு முனையும் சேர்ந்து சுழலட்டும்



2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிவகாசிப் பகுதியில் நாம் பாடம் நடத்திவரும் மதரஸாவின் ஆண்டு விழாவுக்காக, மாணவர்களுடன் மூன்று பாய்மரக் கப்பல் மாதிரி ஒன்றைச் செய்ய முற்பட்டோம். கடலைக் காணத் தூத்துக்குடி வரை செல்லவேண்டிய இப்பிள்ளைகள், நம் முன்னோரின் கடல் வணிகத்தை அறியவேண்டும் என்பதே நோக்கம். அக்கப்பலுக்குக் கயிறு ஆயத்தம் செய்யப்போய், ஆசிரியர் என்ற முறையில் நாம் செய்த ஒரு தவற்றைக் கண்டுகொண்டோம். அதனை மறைக்காமல் எழுதுவதே முறை.

மரக்கலத்தில் கயிற்றுக்குரிய இடம் சிறிதன்று. நூஹ் நபி (அலை) அவர்களின் கப்பல் பலகைகளாலும் ‘துஸுர்’ கொண்டும் ஆனது எனத் திருக்குர்ஆனின் அல்கமர் அத்தியாயம் 13ஆம் வசனம் குறிப்பிடுகிறது. அச்சொல்லுக்கு ஆணிகள் என்றே விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் பொருள் கூறுவர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளும் அரபு அகராதிகளில் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, காயலுக்குக் குதிரைகள் வந்த ஹுர்முஸில், கப்பல்கள் ஆணியின்றித் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டதைப் பதிவு செய்துள்ளார். அதே முறையில் கட்டப்பட்ட ‘ஜுவல் ஆஃப் மஸ்கட்’ என்னும் கப்பல், 2010இல் ஓமானிலிருந்து கொச்சி, இலங்கையின் காலி வழியாகச் சிங்கப்பூர் சென்றடைந்தது.

பாய்மரத்தைத் தாங்கும் வடங்களை வெயிலும் மழையும் நைக்கும். பாய் உராய்ந்து அறுக்கும். ஆகவே பெரிய பாய்க்கப்பல்களில் வடத்தின் புரிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தை மெல்லிய கயிற்றால் நிரப்புவர். அதன்மேல் தார் தோய்த்த துணிப்பட்டையைச் சுற்றுவர். எல்லாவற்றிற்கும் மேலாக, வடத்தின் முறுக்கிற்கு எதிர்த்திசையில் மெல்லிய கயிற்றை இடைவெளியின்றி இறுக்கிச் சுற்றி உறையிடுவர். பக்க வடங்களுள் முன்னால் நிற்பதே பாயுடன் மிகுதியாக உராய்வதால், அதற்கு முழு நீளமும் உறை உண்டு.

நம் மாதிரிக் கப்பலின் வடம் 1 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதன்மேல் 0.2 மில்லிமீட்டர் தையல் நூலை நெருக்கிச் சுற்றினால், 1 சென்டிமீட்டருக்கு 50 சுற்றுகள். 30 சென்டிமீட்டருக்கு 1,500 சுற்றுகள். வெறுங்கையால் அது ஆகிற வேலையன்று. எனவே ஒரு பலகையின் இரு ஓரங்களிலும் கட்டைகளை நிறுத்தி, ஒன்றில் கைப்பிடியுடன் கூடிய கொக்கியையும், மற்றதில் ஓர் ஆணியையும் பொருத்தினோம். வடத்தை இடையே இழுத்துக் கட்டிக் கைப்பிடியைச் சுழற்றினோம். ஒரு திசையில் சுழற்றினால் புரிகள் பிரிந்தன. மறு திசையில் சுழற்றினால் வடம் முறுக்கேறிச் சுருண்டது. ஆணிக்குப் பதிலாகத் தானே சுழலும் கொக்கியைப் போட்டும் பார்த்தோம். அது பின்தங்கிச் சுழன்று நின்றுபோனது. நான்கு வடங்கள் பாழாயின.

இவ்வேலையில் கைத்திறன் மிக்கவன் 13 வயது மாணவன் ஒருவன். தந்தையை இழந்தவன். ஜனவரி மாதத்தில் அவன் அடிக்கடி வராமலிருந்தான். வந்த நாள்களிலும் மனனப் பாடத்தில் தடுமாறினான். காரணம் கேளாமல், மற்ற மாணவர்களின் முன்னிலையில் அவனைக் கடுமையாகக் கண்டித்தோம். அதன்பின் அவன் வரவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து, நம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டு அவன் இல்லம் சென்றோம். கப்பல் வேலையின் மீதுள்ள ஆசையாவது அவனைத் திரும்ப அழைத்து வரும் என்று, சுருண்டுபோன வடங்களையும் எடுத்துச் சென்றோம். அவனுடைய தாயார் பட்டாசு ஆலைத் தொழிலாளி. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்த பின், சிவகாசி ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்ததை ஊரே அறியும், நாமும் அறிவோம். ஆனால் அச்செய்தியையும் இப்பிள்ளையின் தடுமாற்றத்தையும் நாம் இணைத்துப் பார்க்கவில்லை. கூலியின்றி நின்ற தாய்க்கு உதவ, அவன் ஒரு தேநீர்க் கடையில் குவளை கழுவிக்கொண்டிருந்தான்.

அவன் தாயார் நம்மைக் குறைகூறவில்லை. வடங்களை வாங்கிப் பார்த்தார். வெடிக் குழாயின்மேல் சணல் சுற்றிப் பழகிய கைகள் அவை; சணல் தளர்ந்தால் வெடியின் ஓசை குன்றும் என்பதை அறிந்தவர். “ஒத்த முனைய மட்டும் திருகுனா கயிறு முறுக்கிக்கத்தான் செய்யும், உஸ்தாத். ரெண்டு முனையும் சேந்து சுத்தணும்” என்றார்.

அவர் சொன்னது கயிற்றைப் பற்றி. ஆயினும் நமக்கு வெட்கமாகிவிட்டது. மதரஸா என்னும் முனையை மட்டுமே நாம் திருகிக்கொண்டிருந்தோம். வீடு என்னும் முனையோ அசைய வழியின்றி நின்றது. இடையிலிருந்த பிள்ளைதான் முறுக்கேறிச் சுருண்டான்.

மறுவாரம், எந்த மாணவர்களின் முன்னிலையில் கண்டித்தோமோ, அவர்களின் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். ஆலை திறக்கும்வரை அவ்வீட்டிற்குரிய மளிகையை ஜமாஅத்தினர் சிலர் பிறர் அறியாமல் ஏற்றுக்கொண்டனர். பையன் கடை வேலையை விட்டுத் திரும்பினான்.

இரண்டாவது கருவியை அவனே முன்னின்று செய்தான். காயலான் கடைக்கு அவனுடன் சென்று, பழைய அச்சு இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒரே அளவிலான நான்கு பல்சக்கரங்களை வாங்கினோம். பழைய சாமான் கடைக்கு அப்பெயர் காயல்பட்டினத்தாரால் வந்தது என்பர். கப்பல் மாதிரிக்கு அங்கிருந்தே பொருள் கிடைத்ததில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. அடியில் நீண்ட கம்பி ஒன்று. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு சக்கரம். அவற்றோடு பல் பொருந்துமாறு மேலே ஒவ்வொரு சக்கரம். மேற்சக்கரங்களின் நடுவில் வடத்தைப் பூட்டும் கொக்கிகள். கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால் வடத்தின் இரு முனைகளும் ஒரே திசையில், ஒரே அளவில் சுழலும். முறுக்கு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒருவன் சுழற்ற, மற்றொருவன் தையல் நூலை இறுக்கிப் பிடித்து மெல்ல நகர்த்துவான். இறுதிச் சுற்றில் ஒரு துளி பசை.

விழா நாளுக்குள் இரண்டு பாய்மரங்களுக்கே உறையிட்ட வடங்களைக் கட்ட முடிந்தது. மூன்றாவதில் வெறுங்கயிறே நின்றது. அப்படியே காட்சிக்கு வைத்தோம்.

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் பாழாக்கிய பெண்ணைத் திருக்குர்ஆனின் அந்நஹ்ல் அத்தியாயம் 92ஆம் வசனம் உவமையாகக் கூறுகிறது. உடன்படிக்கையை முறிப்போருக்கான எச்சரிக்கை அது. ஒரு பிள்ளையை நம்மிடம் ஒப்படைப்பதும் ஓர் உடன்படிக்கைதான். ஆண்டுக்கணக்கில் நூற்றதை ஒரு கடுஞ்சொல்லால் பிரிக்க இருந்தோமே என்று, அவ்வசனத்தை ஓதும்போதெல்லாம் அஞ்சுகிறோம்.

பெற்றோர்களே, வீட்டில் வேலையில்லை, நோய், கடன் என்றால் உஸ்தாதிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியர்களே, பிள்ளை வரவில்லையென்றால் கண்டிக்கும் முன் அவன் வீட்டு வாசலுக்கு ஒருமுறை செல்லுங்கள்.

நம் பிள்ளைகளைப் பிரியாத புரிகளாக வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக. ஆமீன்.