விழிக்குள் வற்றும் ஓடைகள்

நோய் என்றால் வலி இருக்கும்; வலி இல்லையேல் நோயும் இல்லை என்பது நம் இல்லங்களில் வேரூன்றிவிட்ட எண்ணம். பல் வலித்தால் மருத்துவரைத் தேடுகிறோம். வயிறு நொந்தால் கஷாயம் வைக்கிறோம். ஆயின், ஓசையின்றி வந்து, ஓரங்களிலிருந்து சிறுகச் சிறுகப் பறித்துக்கொண்டு, பெரும்பகுதி போன பிறகே தன் முகம் காட்டும் நோய் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதைக் கிளாக்கோமா என்பர். கண் அழுத்த நோய் என்று தமிழில் வழங்குகிறோம். இதனால் போன பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைக் காப்பது ஒன்றே மருத்துவத்தால் இயல்வது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் எந்திரத்தின் முன் நின்றவர் என் அண்ணன். மயிரிழை வேறுபாட்டையும் கண்ணாலேயே கண்டு சொல்வார் என்று உடன் உழைத்தோர் புகழ்வர். ஓய்வு பெற்ற பின், பாகலூர் சாலையில் பக்கவாட்டில் வந்த வண்டிகளை அறியாது இருமுறை இடறி விழுந்தார். "வயசாயிடுச்சு தம்பி, வேறென்ன?" என்று சிரித்தார். நேரெதிரே உள்ளவை தெளிவாகத் தெரிந்தமையால் கண்ணின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூர். பெரிய வைத்தியம் என்றால் எங்கள் ஊரார் பலரும் அங்கேதான் பேருந்து ஏறுவர். படிக்கும் கண்ணாடியை மாற்றுவதற்கென்றே அண்ணனும் அண்ணியும் சென்றார்கள். துணைக்கு நானும் போனேன். கண்ணாடி கேட்கப் போன இடத்தில், அண்ணனின் வலக்கண் பார்வைப் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது என்ற செய்தி கிடைத்தது. உடன் வந்த அண்ணியையும் பரிசோதித்தார்கள். அவருக்கும் குறை இருந்தது. ஆனால் அது வேறு வகை.

வகைகளைச் சற்று விளக்க வேண்டும். கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. அது கண்ணீர் அன்று. முன்புறத்துக் கண்ணாடிப் படலமும் அதன் பின்னுள்ள கருந்திரையும் சந்திக்கும் கோணத்தில், நுண்ணிய வடிகால் வழியே அந்நீர் வெளியேறும். கோணம் திறந்திருந்தும் நீர் தடைப்படுவது திறந்த கோண வகை. அண்ணனுக்கு வாய்த்தது இது. கோணமே குறுகி அடைபடுவது மூடிய கோண வகை. அண்ணிக்கு அதன் தொடக்க நிலை. அது திடீரென முற்றினால் கடும் தலைவலியும் வாந்தியும் வரும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தோன்றும். அழுத்தம் இயல்பான அளவில் இருக்கும்போதே நரம்பு நலிவது மற்றொரு வகை. முதுமையில் வெண்பொடி போன்ற படிவு சேர்ந்து வடிகாலைத் தடுப்பது இன்னொரு வகை. ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நெடுநாள் இடுவதால் வருவதும் உண்டு. பட்டறையில் இரும்புத் தூசு விழுந்து சிவந்த கண்ணுக்கு, மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி இட்டுக்கொள்ளும் தொழிலாளர்கள் இதை மறத்தல் ஆகாது. எல்லா வகையும் முடிவில் தாக்குவது பார்வை நரம்பையே.

ஒளி கண்ணுக்குள் நுழைவதாலேயே காட்சி பிறக்கிறது என்று பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம் பதினோராம் நூற்றாண்டில் நிறுவினார். ஆயினும், உயிருள்ள மனிதனின் விழித்திரையைத் தெளிவாகக் காண, 1851இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கருவியை வெளியிடும்வரை உலகம் காத்திருந்தது. 1961இல் அமெரிக்காவின் நோவாட்னி, ஆல்விஸ் என்னும் இரு மருத்துவ மாணவர்கள், கை நரம்பில் சாயம் ஏற்றி விழித்திரை நாளங்களைப் படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். இன்றைய புதிய முறைக்குச் சாயம் வேண்டியதில்லை. ஒரே இடத்தை ஒளியால் மீண்டும் மீண்டும் வருடிப் பார்க்கிறது கருவி. அசையாத திசு ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே தெரியும். ஓடும் குருதி மட்டும் மாறித் தெரியும். அந்த மாற்றங்களைத் தொகுத்து நாளங்களின் வரைபடமாகத் தருகிறது கணினி. நோயாளி செய்ய வேண்டியது, சில நொடிகள் விழி அசையாமல் இருப்பது மட்டுமே.

மருத்துவர் இருவர் படங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். அண்ணியின் படத்தில், பார்வை நரம்பின் வட்டத்தைச் சுற்றி நுண்நாளங்கள் நெருக்கமாகப் பின்னிக்கிடந்தன. அண்ணனின் வலக்கண் படத்திலோ, வட்டத்தின் கீழ்ப்புறத்திலிருந்து ஆப்பு வடிவில் ஓர் இருள் விரிந்திருந்தது. நெடுநேரம் நோக்கியிருந்த அண்ணன், "தண்ணி வராத வாய்க்கால் மாதிரி இருக்கு" என்றார். கோடையில் தென்பெண்ணையைக் கண்டு வளர்ந்தவர் அவர். அதற்குமேல் எவரும் பேசவில்லை.

நாளம் வற்றியதால் நரம்பு மடிந்ததா, நரம்பு மடிந்ததால் நாளம் வற்றியதா? மருத்துவ உலகம் இதற்கு இன்னும் முடிந்த விடை காணவில்லை. இழை மடிந்த இடத்தில் குருதியின் தேவை குறைவதால் நாளமும் சுருங்குகிறது என்பர் ஒரு சாரார். அழுத்தம் உயராத வகையில் குருதியோட்டக் குறையே முன்னிற்கக்கூடும் என்பர் வேறு சாரார். வெண்பொடி வகையில் நாள இழப்பு மிகுந்திருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பெங்களூர் நாராயண நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வுகளில், திறந்த கோணம், மூடிய கோணம் ஆகிய இரு வகையிலும் நாள அடர்த்தியை நரம்பிழைப் படலத்தின் தடிமனோடு ஒப்பிட்டனர். நாளப் படம் நோயைக் காட்ட உதவும். ஆனால் பழைய அளவீடுகளைத் தள்ளிவிடச் செய்வதன்று. நோய் முற்றிய கண்ணில் அதற்குத் தனிப் பயன் உண்டு. இழைப் படலம் ஓரளவுக்குமேல் மெலிந்துவிட்டால், அந்த அளவீடு அங்கேயே நின்றுவிடும்; நாள அடர்த்தியோ அதன் பிறகும் குறைவதைக் காட்டும். அண்ணனின் வலக்கண்ணில் எஞ்சியது நிற்கிறதா, கரைகிறதா என்பதை அறிய இதுவும் ஒரு துணை.

படம் நோயைத் தீர்க்காது. தீர்வு, அழுத்தத்தைக் குறைப்பதில் இருக்கிறது. அண்ணிக்கு லேசர் ஒளியால் கருந்திரையில் சிறு துளையிட்டார்கள். அன்று மாலையே வீடு திரும்பினார். அண்ணனுக்கு வாழ்நாள் முழுதும் சொட்டு மருந்து. நோன்பு மாதத்தில் இதை நிறுத்திவிடுவோர் நம்மில் பலர். கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் நிலை. ஐயமுள்ளோர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், மருந்தை விடலாகாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் தமிழகத்தின் சிற்றூர்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை அதை அறியாதவர்கள். நோயுற்றவரின் உடன்பிறந்தோருக்கும் மக்களுக்கும் இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அண்ணனின் சொல்லுக்கிணங்க நாங்கள் உடன்பிறந்தோர் நால்வரும் பரிசோதித்துக்கொண்டோம். கிருஷ்ணகிரியில் வாழும் எங்கள் தங்கைக்கு நோயின் தொடக்கம் தெரிந்தது. அவள் படத்தில் ஓடைகள் இன்னும் வற்றவில்லை. அவளுக்கு எந்தக் குறையும் தோன்றியதில்லை. நன்றாகத்தான் தெரிகிறது என்றே இன்றும் சொல்கிறாள். நன்றாகத் தெரிகின்ற அந்தக் காலமே இந்நோயைத் தேடிப் பிடிப்பதற்குரிய காலம்.