பட்டெடுக்கப் போன இடத்தில்

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியத்துக்குத்தான் போகிறார்கள். ஒன்று ஸ்வாமி தரிசனம், மற்றொன்று புடவை. நானும் அப்படித்தான் போனேன். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் திரும்பி வரும்போது என் பையில் புடவையோடு ஓர் உளியும் இருந்தது என்றால் நம்புவீர்களா?

சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறி, முதலில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். 2019-ஆம் வருஷம் ஜூலை 1 முதல் 48 நாட்கள் அத்தி வரதர் தரிசனம் தந்தபோது இதே பிராகாரத்தில் கூட்டத்தில் நசுங்கியது ஞாபகம் வந்தது. இன்று குளம் அமைதியாக இருந்தது. அத்தி மரத்தால் ஆன அந்தத் திருமேனி அதன் அடியில்தான் இருக்கிறது. இனி 2059-இல்தான் வெளியே வருவார். அதுவரை நான் இருப்பேனோ என்னவோ என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

அங்கே என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பரம்பரை நெசவுக் குடும்பம். சந்தில் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதில் விழும். ஆனால் அன்று அவள் வீட்டிலிருந்து வந்த சத்தம் வேறு. 'டொக், டொக்' என்று யாரோ மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாடி, வா! நல்ல வேளையிலே வந்தே. இன்னிக்கு எங்க வீட்டிலே கதவுக்கு ஆபரேஷன்!" என்றாள் சிநேகிதி. சிரித்தாளே தவிர, முகத்தில் சிரிப்பு இல்லை.

விஷயம் இதுதான். பட்டு நூலும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது. நெய்து முடித்த புடவையும் ஒப்படைக்கும் வரை அவருடையதே. அவற்றையெல்லாம் வைக்கும் உள்ளறைக்கு இத்தனை நாளாக நாதாங்கியும் தொங்கு பூட்டும்தான் காவல். ஒரு புடவை காணாமல் போனால்கூட, அதைப் பல நாள் குழித்தறியில் உட்கார்ந்து நெய்து கழிக்க வேண்டும். "தொங்குகிற பூட்டு, 'வீட்டிலே ஆளில்லை, வாங்கோ'ன்னு திருடனுக்குப் பலகை மாட்டின மாதிரி" என்றாள் அவள். அதனால் கதவுக்குள்ளேயே பதிகிற பூட்டு, கடைக்காரர்கள் 'மார்ட்டீஸ் லாக்' என்கிறார்களே, அதை வாங்கியிருந்தாள்.

"அதுக்கு ஏன் இப்படி முகத்தைத் தூக்கிவச்சிருக்கே?" என்றேன்.

அவள் பேசாமல் என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனாள். மாமனார் காலத்துத் தேக்குக் கதவு. அதன் நடுவில் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து ஆணி அடித்திருந்தது. சென்ற வருஷம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இதே போன்ற பூட்டை அதில் பதிக்க முயன்றாராம். கைக்குக் கிடைத்த ஓர் அங்குலப் பிட்டை மிஷினில் மாட்டிக் கதவின் நட்ட நடுவில் இறக்கினாராம். சட்டம் மேலிருந்து கீழே பிளந்துவிட்டது. "எங்க மாமனார் இருந்து பார்த்திருந்தா அழுதிருப்பார். உள்ளறைக் கதவும் அவர் செய்யச் சொன்னதுதான். இதுவும் போச்சுன்னா..." என்று நிறுத்திக்கொண்டாள்.

உள்ளறை வாசலில் வயதான ஆசாரி ஒருவர் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். தறிக்கும் கதவுக்கும் வேலை செய்கிறவர். 'டொக், டொக்' என்றது அவர்தான். கொட்டாப்புளியின் பிடியால் கதவைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பார்க்கிறீங்க ஆசாரியாரே?"

"ஓட்டை எங்கே போடக் கூடாதுன்னு பார்க்கிறேம்மா."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பலகைக் கதவில் இரண்டு பக்கமும் நெடுக்குச் சட்டம். நடுவில் குறுக்குச் சட்டம். குறுக்குச் சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, நெடுக்குச் சட்டத்துத் துளையில் சொருகியிருப்பார்கள். கதவின் பலமே அந்தக் கழுந்தில்தான். பூட்டு கைக்கு வாகாக இருக்கட்டும் என்று நடுவிலேயே குடைந்தால் கழுந்து அறுந்துபோகும். வாசல் கதவுக்கு நேர்ந்த கதி அதுதான். ஆசாரி கழுந்துக்கு நாலு விரற்கடை கீழே பூட்டை வைத்துக் கத்தியால் கோடு கிழித்தார். பென்சில் கோடு தடிமன்; கத்திக் கோட்டில் உளி தானாகப் போய் உட்காருமாம்.

"சரி, மிஷின் எங்கே?" என்றேன். எங்கள் வீட்டுக்காரர் அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறைக் கதவுக்காக, குடைகிற 'ரூட்டர்' மிஷின் ஒன்று வாங்கப் போவதாக ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நூறு புதுக் கதவு வரிசையா இருந்தா அது நல்ல சாமான்தாம்மா. அச்சை மாட்டிவிட்டா ஒரே அளவா குடைஞ்சு தள்ளிடும். ஒரு கதவுக்கு எதுக்கு? அதுவும் பழைய கதவு. உள்ளே எங்கே ஆணி இருக்கோ! மிஷினுக்குத் தெரியாது, உளிக்குத் தெரியும்."

பிறகு அவர் சாமான்களைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கதவின் கனத்தை அளந்தார், 45 மில்லிமீட்டர். பூட்டின் கனம் 15. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடையக் கூடாது என்பது தச்சு வேலையில் பழைய கணக்கு. இது சரியாக இருந்தது. அடுத்து 14 மில்லிமீட்டர் பிட்டு. "பூட்டைவிடப் பிட்டு கொஞ்சமாவது சின்னதா இருக்கணும். மரத்தை எடுத்துடலாம், திருப்பி வைக்க முடியாது."

தட்டையான பிட்டு மலிவு; ஆனால் ஆழத்தில் கோணிக்கொண்டு போகும். நுனியில் திருகு உள்ள முறுக்குப் பிட்டு தன்னைத் தானே நேராக இழுத்துக்கொண்டு இறங்கும். அதையே எடுத்தார். பூட்டின் ஆழம் எவ்வளவோ அந்த இடத்தில் பிட்டின் மேல் ஒரு துண்டுச் சிவப்பு டேப்பைச் சுற்றினார். டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

உளி இரண்டு. துளையின் இரு முனைகளையும் வெட்ட அரை அங்குலத்தில் கனமான உளி. பக்கச் சுவர்களைச் சீவ ஓர் அங்குலத்தில் மெல்லிய உளி. இரண்டையும் சாணைக்கல்லில் தீட்டி, தம் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். வழுக்கினால் மொட்டை, பற்றினால் கூர்.

துளை போடும் நேரம் வந்ததும் ஆசாரி, தறியில் இருந்த சிநேகிதியின் கணவரைக் கூப்பிட்டார். "தம்பி, பக்கத்திலே வந்து நில்லு. பிட்டு சாயுதான்னு நீ சொல்லு. உன் கண்ணுதான் எனக்கு வேணும்."

பாவில் ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அல்லவா! "அண்ணே, மேலே ஒரு மயிரிழை தூக்கு... இப்போ சரி" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு துளைகள் இறங்கின. சிநேகிதி புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். மூச்சுவிட்டாளா என்பதே சந்தேகம்.

அப்புறம் உளி. முதலில் நாருக்குக் குறுக்கே இரண்டு முனைகளிலும் வெட்டு. அதன் பிறகே நாரோடு ஒட்டிய சீவல். மாற்றிச் செய்தால் நார் வழியே பிளவு ஓடும். கடைசியில் பூட்டின் முகத் தகடு மரத்தோடு மட்டமாகப் படிய, மெல்லிய உளியால் ஒரு பள்ளம். பூட்டை உள்ளே தள்ளினார். இறுக்கமாக இல்லை, கட்டை விரலால் அழுத்தினால் போகிற அளவு. "ஐப்பசி மழையிலே மரம் ஊதும்மா. அதுக்கும் இடம் விடணும்."

சாவியைச் சிநேகிதியின் கையில் கொடுத்தார். அவள் திருப்பினாள். 'க்ளிக்' என்றது. சட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்குக் காப்பி கிடைத்தது!

கிளம்பும் முன் எங்கள் வீட்டுக் கதவைப் பற்றிக் கேட்டேன். "பிளஷ் கதவா? எல்லா இடத்திலும் கெட்டி மரம் இருக்காதும்மா. பூட்டுக்குன்னு ஒரு பக்கம் கட்டை வச்சிருப்பாங்க. அது எந்தப் பக்கம்னு முதல்லே பாருங்க. கதவு 35 மில்லிமீட்டர்தான் இருந்தா, கனம் குறைஞ்ச பூட்டா வாங்குங்க" என்றார். பிறகு தம் சாக்கிலிருந்து ஓர் அங்குல உளியை எடுத்து, "இது உங்களுக்கு. என்கிட்டே இன்னொண்ணு இருக்கு" என்று நீட்டினார். காசு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அரக்குச் சிவப்பில் பச்சைக் கரை கோர்வைப் புடவை ஒன்றைப் பெண்ணுக்கு எடுத்தேன். உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சிநேகிதி கதவைத் தடவிப் பார்த்தது போலவே.

இரவு வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் பையைத் திறந்தார். புடவை, கோயில் இட்டிலி, அதற்கடியில் உளி.

"இது எதுக்கு?"

"ரூட்டருக்குப் பதிலா" என்றேன். "நாளைக்குக் கதவைத் தட்டிப் பாருங்க. நான் பக்கத்திலே நின்னு, சாயுதான்னு சொல்றேன்."